தடம் ஏன் வளைகிறது?

எந்தப் பல்கலைக்கழக வளாகத்துக்குப் போனாலும் இந்த ஒற்றையடித் தடத்தைப் பார்க்கலாம். புல்வெளியின் ஒரு மூலையில் தொடங்கி எதிர்மூலையில் முடியும். 40 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள புல்வெளியை ஓரமாகச் சுற்றினால் 70 மீட்டர். குறுக்கே போனால் 50. மிச்சமாவது 20 மீட்டர், சாதாரண நடையில் 15 விநாடி. அந்த 15 விநாடிக்காகத்தான் புல் தேய்ந்து மண் தெரிகிறது. நிர்வாகம் முதலில் பலகை வைக்கும், அப்புறம் கயிறு கட்டும், கடைசியில் முள்செடி நடும். தடம் முள்செடியைச் சுற்றிக்கொண்டு போகும்.

நடக்கிற இடத்திலேயே கல் பாவிவிட்டால் போயிற்று என்பார்கள். பெரும்பாலும் அது சரியான யோசனைதான். ஆனால் தடத்தை உற்றுப் பார்த்தால் அது நேர்க்கோடாக இருப்பது அபூர்வம். நடுவழியில் காரணமே இல்லாததுபோல மூன்று நான்கு மீட்டர் விலகி, பிறகு மறுபடி சேர்ந்துகொள்ளும். வரைபடம் போடுகிறவர் அந்த வளைவை நிமிர்த்தி நேராகக் கல் பாவுகிறார். ஆறு மாதத்தில் கல் பாதைக்குப் பக்கத்திலேயே பழைய வளைவு திரும்ப வந்துவிடுகிறது.

வளாகத்தின் திறந்தவெளியைப் புரிந்துகொள்ள அந்த வளைவே நல்ல தொடக்கம். அங்கே வெயில் இருக்கலாம், தேங்கும் தண்ணீர் இருக்கலாம், ஐம்பது வருடத்துக்கு முன் மூடிய குளம் இருக்கலாம், எதிரே வருகிற கூட்டம் இருக்கலாம். கால்கள் இவை எல்லாவற்றையும் கணக்குப் போட்டுவிட்டுத்தான் ஒரு வழியைத் தேர்ந்தெடுக்கின்றன. அந்தக் கணக்கைப் படிக்காமல் விடையை மட்டும் நகலெடுத்தால் விடை தப்பாகிவிடும்.

எண்ணுவதிலிருந்து தொடங்கலாம். வளாக வரைபடத்தை 1:500 அளவில் அச்செடுத்து, திறந்தவெளிக்குள் நுழையும் ஒவ்வொரு வாயிலுக்கும் ஓர் எண் கொடுங்கள். எந்த வாயிலில் நுழைந்தவர் எந்த வாயிலில் வெளியேறுகிறார் என்று கோடு போடுங்கள். காலை, உச்சி வெயில், மாலை, மழை நேரம் என்று நான்குக்கும் நான்கு நிறம். வகுப்பு நடக்கும் நேரத்தில் 15 நிமிடத்துக்கு ஒரு எண்ணிக்கை போதும். வகுப்பு மாறும் 10 நிமிடத்தில் மட்டும் நிமிடத்துக்கு நிமிடம் எண்ண வேண்டும். இந்த இடத்தில்தான் பெரும்பாலான கணக்குகள் சறுக்குகின்றன. 300 பேர் 10 நிமிடத்தில் கடக்கிறார்கள், ஆகவே நிமிடத்துக்கு 30 பேர் என்று எழுதிவிடுகிறார்கள். உண்மையில் மணி அடித்த இரண்டாவது நிமிடத்திலிருந்து ஆறாவது நிமிடத்துக்குள் அந்த 300 பேரும் கடந்துவிடுகிறார்கள். அப்படியானால் நிமிடத்துக்கு 75. ஒரு மீட்டர் அகலத்தில் நிமிடத்துக்கு 33 பேருக்கு மேல் போனால் ஒருவரை ஒருவர் முந்துவது சிரமமாகும். 75-ஐ 33-ஆல் வகுத்தால் 2.3 மீட்டர். பக்கத்தில் சுவரோ வேலியோ இருந்தால் யாரும் அதை உரசிக்கொண்டு நடக்க மாட்டார்கள். அந்தப் பக்கத்துக்கு 30 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் அப்படி இருந்தால், ஆக மொத்தம் 3 மீட்டர் பாதை வேண்டும். நிமிடத்துக்கு 30 என்று நம்பியவர் ஒன்றரை மீட்டர் போட்டிருப்பார். மிச்சக் கூட்டம் புல்லில் இறங்கும். அதற்கு மாணவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

இரண்டு பாதைகள் சேரும் இடத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும். நண்பர்கள் எதிர்ப்படுவது அங்கேதான், நின்று பேசுவதும் அங்கேதான். நியூயார்க் சதுக்கங்களை 1970-களில் படம் பிடித்து ஆராய்ந்த வில்லியம் வைட் கவனித்த விஷயம் இது: பேச நிற்பவர்கள் ஓரமாக ஒதுங்குவதில்லை, நடமாட்டத்தின் நட்டநடுவிலேயே நிற்கிறார்கள். ஆகவே சந்திகளைக் கூர்மூலையாக விடாமல் இரண்டு மூன்று மீட்டர் விரித்துவிடுங்கள். கூர்மூலை எப்படியும் மிதிபட்டுப் புல் செத்துவிடும்.

கால்தடத்தை மதித்துக் கட்டியதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் சிகாகோவில் இருக்கிறது. இல்லினாய் தொழில்நுட்பக் கழகத்தின் வளாகத்தை 1940-களில் கட்டடக்கலைஞர் மீஸ் வான் டெர் ரோ கட்டம் கட்டமாகத் திட்டமிட்டார். அதன் நடுவே, தூண்கள் மேல் ஓடும் ரயில் பாதைக்குக் கீழே, ஒரு வெற்றிடம் கிடந்தது. விடுதிப் பக்கத்திலிருந்து வகுப்புப் பக்கத்துக்குப் போகிறவர்கள் அதைக் குறுக்கும் நெடுக்கும் கடந்துகொண்டிருந்தார்கள். 2003-இல் ரெம் கூல்ஹாஸ் வடிவமைத்த மாணவர் மையம் அங்கே திறந்தபோது, அந்தக் குறுக்குத் தடங்களே கட்டடத்துக்குள் நடைவழிகளாகிவிட்டன. தடங்களுக்கு இடையில் மிஞ்சிய துண்டுகளில் சாப்பாட்டுக் கூடம், கடை, கூட்ட அறை. தலைக்கு மேல் ரயில் சத்தத்தை அடக்க 160 மீட்டர் நீளத்துக்கு இரும்புக் குழாய். நகர்த்த முடியாத ரயிலையும் மாற்ற முடியாத நடையையும் ஏற்றுக்கொண்ட பிறகே அங்கே சுவர் எழுந்தது.

இனி வெயில். ‘நிழல் தரும் மரங்கள் நடப்படும்’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறவர்கள் அதிகம். எந்த மணிக்கு, எந்தப் பக்கம், எவ்வளவு நீள நிழல் என்று கேட்டால் பதில் இருக்காது. கணக்கு கடினமானதல்ல. 12 மீட்டர் உயரக் கட்டடம் ஒன்று. வடக்கு அட்சரேகை 40 பாகையில், டிசம்பர் கடைசி வாரத்து நண்பகலில் சூரியன் 26.5 பாகை உயரத்தில்தான் நிற்கும். நிழல் 24 மீட்டர் வடக்கே நீளும். அங்கே கட்டடத்தின் வடபக்கத்தில் முற்றம் வைத்தால் குளிர்காலம் முழுக்க யாரும் உட்கார மாட்டார்கள். அதே கட்டடம் 10 பாகை அட்சரேகையில் இருந்தால் டிசம்பர் நண்பகலில் 8 மீட்டர் நிழல். ஜூனிலோ சூரியன் தலைக்கு வடக்கே போய்விடுவதால் 3 மீட்டர் நிழல் தெற்கே விழும். அந்த மூன்று மீட்டரில் பாதைகூட அடங்காது. குளிர்நாட்டு முற்றத்தின் படத்தைப் பார்த்து வெப்ப நாட்டில் நான்கு பக்கமும் கட்டடம், நடுவில் பரந்த புல்வெளி என்று அப்படியே கட்டினால், காலை பதினொன்றிலிருந்து மூன்று வரை அந்த நடுவெளியில் ஆளே இருக்காது.

வெப்ப நாட்டில் கட்டடம் தரும் உருப்படியான நிழல் மாலையில்தான். மார்ச், செப்டம்பர் மாதங்களில் 10 பாகை அட்சரேகையில் மாலை நான்கு மணிக்குச் சூரியன் சுமார் 30 பாகையில் இருக்கும். 12 மீட்டர் கட்டடம் கிழக்கே 21 மீட்டர் நிழல் போடும். மாலையில் கூட வேண்டிய இடத்தை உயர்ந்த கட்டடத்தின் கிழக்குப் பக்கம் வையுங்கள். நண்பகலில் நடக்க வேண்டிய வழிக்கு மரமோ கூரையோதான் கதி.

நிழலின் பலனை வெப்பமானியால் மட்டும் அளந்தால் ஏமாந்துபோவோம். மர நிழலிலும் வெட்டவெளியிலும் காற்றின் வெப்பநிலை ஒன்றிரண்டு பாகைதான் வேறுபடும். உடம்புக்கு உறைப்பது வெயிலின் கதிரும், சூடேறிய தரையும் சுவரும் வீசும் கதிரும். அதை அளக்க எளிய வழி உண்டு: 40 மி.மீ. டேபிள் டென்னிஸ் பந்துக்குச் சாம்பல் நிறப் பெயின்ட் அடித்து, சிறு துளை போட்டு, வெப்ப உணரியின் நுனி சரியாகப் பந்தின் மையத்தில் நிற்கும்படி வைத்துத் துளையை அடைத்துவிடுங்கள். தரையிலிருந்து 1.1 மீட்டர் உயரத்தில் ஒரு கோலில் பொருத்தி, பத்து நிமிடம் நிலைப்பட விட்டுப் படியுங்கள். பக்கத்திலேயே சாதாரண உணரி ஒன்றை வெயில் படாமல், காற்று படும்படி மறைத்து வைத்து ஒப்பிடுங்கள். வெட்டவெளியில் இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருக்கும், அடர்ந்த நிழலில் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும். தடம் வளைகிற இடத்தில் இந்தக் கோலை நட்டுப் பார்த்தால், வளைவு ஒரு மரத்தின் பகல் நிழலை அப்படியே தொட்டுக்கொண்டு போவது பல சமயம் தெரிந்துவிடும். உச்சி வெயில் நிறக் கோடு வளைந்திருக்கும், மாலைக் கோடு நேராக இருக்கும். நான்கு நிறம் கேட்டது இதற்காகத்தான்.

வெப்ப நாட்டு வளாகத்துக்கு நடுவெளி என்றால் என்ன என்று துணிந்து மாற்றி யோசித்தவர் கார்லோஸ் ராவுல் வில்லனுவேவா. வெனிசுவேலாவின் கரகாஸ் நகரப் பல்கலைக்கழக வளாகத்தை 1940-களிலிருந்து கட்டியவர். பத்தரைப் பாகை அட்சரேகை. வெயிலும் உண்டு, திடீர் மழையும் உண்டு. அவர் நடுவே வைத்த சதுக்கத்துக்குப் பெயரே கூரையிட்ட சதுக்கம். கான்கிரீட் கூரை, இடையிடையே வானம் தெரியும் திறப்புகள், காற்றை விட்டு வெயிலைத் தடுக்கும் துளைச்சுவர்கள், ஆங்காங்கே சுவரோவியங்கள். அதிலிருந்து கூரையிட்ட நடைவழிகள் கட்டடங்களுக்குப் பிரிந்து போகின்றன. 2000-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நைஜீரியாவின் இஃபே வளாகத்திலும் 1960-களில் இதே புத்தி வேலை செய்தது: ஆரியே ஷரோன் வடிவமைத்த கட்டடங்களில் மேல்மாடி கீழ்மாடியைவிட முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், கவிழ்த்த பிரமிடுபோல. ஒவ்வொரு மாடியும் அடுத்ததற்கு நிழல். தரைமட்டம் திறந்து கிடப்பதால் காற்று ஊடே போகும், நடப்பவர்களும் ஊடே போவார்கள்.

ஆனால் தரைமட்டத்தைத் திறந்துவிடுவது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. ஐ. எம். பேய் வடிவமைத்து 1964-இல் கட்டி முடித்த மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் 21 மாடிக் கட்டடம் தாழ்ந்த கட்டடங்களுக்கு நடுவே தனியாக நிற்கிறது. அடியில் திறந்த வழி. உயரத்தில் மோதும் காற்று சுவர் வழியே கீழே இறங்கி, முன்பக்கத்து அழுத்தத்தோடு அந்த ஒரே திறப்பில் புகுந்து பாய்ந்தது. காற்று பலமான நாட்களில் கதவைத் திறக்கவே முடியவில்லை. பிறகு சுழல்கதவு வைத்தார்கள். கட்டடம் சுற்றுப்புறத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் உயரமானால், அடியில் திறப்பு வைப்பதற்கு முன் காற்றுச் சோதனை செய்தே ஆக வேண்டும் என்பது என் கருத்து.

மழைக்கு வருவோம். ஒரு ஹெக்டேர் நிலம், மணிக்கு 50 மி.மீ. மழை. முழுவதும் கல் பாவியிருந்தால் விநாடிக்கு சுமார் 125 லிட்டர் ஓடிவரும். நல்ல புல்வெளியாக இருந்தால் 35 லிட்டர்தான். ‘நல்ல’ என்ற சொல் முக்கியம். மிதிபட்டு இறுகிய புல்வெளி தண்ணீரைக் குடிக்காது, கல் தரையைப்போலவே வழியவிடும். இறுக்கத்தை அறிய எளிய சோதனை, மழை பெய்து ஓய்ந்த மறுநாள் ஒரு நீண்ட திருப்புளியைக் கையால் அழுத்திப் பார்ப்பது. பத்து பதினைந்து செ.மீ. இறங்கினால் சரி; ஐந்திலேயே நின்றால் இறுகிவிட்டது. துல்லியமாக வேண்டுமானால் 100 கன செ.மீ. உலோக வளையத்தை மண்ணில் இறக்கி எடுத்து, 105 பாகை செல்சியஸ் அடுப்பில் ஒரு நாள் உலர்த்தி எடை போடுங்கள். களிமண்ணில் 145 கிராமைத் தாண்டினாலும், மணற்பாங்கான மண்ணில் 170-ஐத் தாண்டினாலும் வேர் நுழையத் திணறும்.

இறுகிய மண்ணுக்குச் செய்யும் வைத்தியத்தில்தான் மரங்கள் அதிகம் சாகின்றன. புது மண் கொட்டிப் புல் விதைப்பார்கள். கீழே இருக்கும் வேருக்குக் காற்று கிடைக்காமல் மூன்று நான்கு வருடத்தில் மரத்தின் உச்சி காயத் தொடங்கும். உழுதுவிடுவார்கள், வேர் அறுந்துபோகும். சரியான வழி மெதுவானது. வேரை அறுக்காமல் காற்றைப் பீய்ச்சி மண்ணைக் கிளறும் காற்றழுத்தக் கருவியால், மரத்தை மையமாக வைத்துச் சக்கரத்தின் ஆரம்போல வாய்க்கால் பிரித்து, மண்ணோடு மக்கிய உரம் கலந்து நிரப்ப வேண்டும். மேலே 5 முதல் 8 செ.மீ. மூடாக்கு. தண்டைத் தொடாமல் ஒரு சாண் விட்டுப் போடுங்கள், தொட்டால் பட்டை அழுகும். ஆட்கள் நடக்கிற வழியை முதலில் மாற்றாமல் இதைச் செய்வது வீண் செலவு.

புது மரத்துக்கும் இதே கதை. கல் பாவிய சதுக்கத்தில் 1.2 மீட்டர் சதுரக் குழி, ஒரு மீட்டர் ஆழம்: ஒன்றரை கன மீட்டர்கூட இல்லை. பெரிய மரத்துக்கு 25, 30 கன மீட்டர் மண் வேண்டும். இல்லாவிட்டால் மரம் குள்ளமாகவே நின்றுவிடும், அல்லது கல்லுக்குக் கீழே ஈரம் தேடிப் போய்ப் பாதையைத் தூக்கும். குழிகளைத் தனித்தனியாக வெட்டாமல் ஒரே நீள வாய்க்காலாக வெட்டி, நான்கைந்து மரங்கள் மண்ணைப் பகிர்ந்துகொள்ளும்படி விட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

பாதைக்கு வாட்டம் குறுக்கே 1.5 முதல் 2 சதவீதம். ஒன்றுக்குக் குறைந்தால் தண்ணீர் நிற்கும், இரண்டுக்கு மேல் போனால் சக்கர நாற்காலி பக்கவாட்டில் இழுக்கும். நீளவாக்கில் 5 சதவீதத்துக்குள் அடக்குங்கள். அதைத் தாண்டினால் கைப்பிடியும் இளைப்பாறும் மட்டமும் வைத்த சரிவுப் பாதையாகவே கட்ட வேண்டும். வடிகால் மூடியின் இடுக்கு 13 மி.மீ.க்குள், நடக்கும் திசைக்குக் குறுக்காக இருக்கட்டும். பாதையைப் புல்லோடு ஒரே மட்டத்தில் முடிப்பது அழகாகத் தெரியும், ஆனால் உரமும் தூசியும் சேர்ந்து புல்தரை வருடந்தோறும் உயரும். ஐந்தாறு வருடத்தில் பாதை வாய்க்காலாகிவிடும். தொடக்கத்திலேயே புல்லை மூன்று செ.மீ. தாழ்த்தி விடுங்கள்.

இவ்வளவும் செய்தபிறகும் ஓர் இடத்தில் தண்ணீர் திரும்பத் திரும்பத் தேங்குகிறது என்றால் பழைய வரைபடத்தைத் தேட வேண்டிய நேரம் வந்துவிட்டது. அங்கே குளமோ கிணறோ வாய்க்காலோ இருந்திருக்கலாம். மூடிய பள்ளத்தில் கொட்டிய மண் பல ஆண்டுகள் அமுங்கிக்கொண்டே இருக்கும். எத்தனை முறை மட்டம் பார்த்துக் கல் பாவினாலும் அதே கிண்ணம் மறுபடி உருவாகும். பழைய நில அளவை வரைபடத்தையும் பழைய வான்வழிப் படத்தையும் இன்றைய படத்தின் மேல் வைத்துப் பாருங்கள். இரண்டுமே கிடைக்கவில்லையா, மரத்தின் அடியைப் பாருங்கள். இயல்பாக வளர்ந்த மரம் தரையைத் தொடும் இடத்தில் பருத்து, வேர்கள் விரிந்து இறங்கும். கம்பம் நட்டதுபோல நேராகத் தரைக்குள் போனால் அங்கே பின்னால் மண் கொட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். கையால் தோண்டி, அடி விரியும் இடம் வரை இறங்கினால் எத்தனை செ.மீ. மண் ஏறியிருக்கிறது என்று தெரிந்துவிடும். பழைய கட்டடத்தின் வாசல் படிகளையும் எண்ணுங்கள். மூலப் படத்தில் ஐந்து படி, இப்போது மூன்று என்றால் ஓரடி மண் ஏறியிருக்கிறது.

வரலாறு மண்ணில் இப்படித்தான் கிடக்கிறது, ஆனால் மண்ணோடு முடிவதில்லை. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் பெரும்புல்வெளியைத் தாமஸ் ஜெஃபர்சன் திட்டமிட்டார்; 1817-இல் வேலை தொடங்கியது. இருபுறமும் ஐந்தைந்து மாளிகைகள், நடுவே படிப்படியாக இறங்கும் தளங்கள், வடகோடியில் வட்ட மண்டபம், தென்கோடி தூரத்து மலைகளைப் பார்த்துத் திறந்திருந்தது. 1895-இல் மண்டபம் தீப்பிடித்த பிறகு வந்த, கட்டடக்கலைஞர் ஸ்டான்ஃபோர்டு வைட்டின் கட்டடங்கள், 1898-இல் அந்தத் தென்கோடியை மூடிவிட்டன. அடிவானம் வரை ஓடிய பார்வை அதோடு நின்று, பெருவெளி ஒரு பெரிய முற்றமானது. அந்தத் தளங்களைச் சமப்படுத்தியதிலும் செங்கல் சுட்டதிலும் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த மக்களின் உழைப்பு இருக்கிறது. அவர்களுக்கான நினைவிடம் 2020-இல்தான் கட்டி முடிந்தது. ஒரு புல்வெளியின் சமமட்டம் யார் கையால் வந்தது என்பதும் அந்த வெளியின் வடிவத்தில் சேர்ந்ததுதான்.

மெக்சிகோவின் தேசியத் தன்னாட்சிப் பல்கலைக்கழக வளாகம் எரிமலைக் குழம்பு உறைந்த பாறை மேல் நிற்கிறது. மரியோ பானியும் என்ரிக்கே தெல் மோராலும் திட்டமிட்டபோது அந்தப் பாறையைச் சமமாக்க முனையாமல், அதன் மேடுபள்ளத்தை அகன்ற தளங்களாகவும் படிகளாகவும் மாற்றினார்கள். அதே எரிமலைக் கல்லையே தரையாகவும் சுவராகவும் வைத்தார்கள். வாகனங்கள் வெளியே சுற்றிப் போகும், நடுவெளி நடப்பவர்களுக்கே. 1983-இல் பாறைப் பகுதியின் ஒரு பங்கை அதன் செடிகொடிகளோடு காப்பிடமாக ஒதுக்கினார்கள். 1968 செப்டம்பரில் மாணவர் போராட்டத்தை அடக்க இராணுவம் புகுந்ததும் அதே வளாகத்துக்குள்தான்.

கூடி நிற்பதும் ஒரு நடமாட்டம் என்பதை மறக்கக் கூடாது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 1964 அக்டோபர் 1-ஆம் தேதி ஒரு போலீஸ் காரை மாணவர்கள் சூழ்ந்து உட்கார்ந்து 32 மணி நேரம் நகரவிடவில்லை. அது நடந்த ஸ்ப்ரௌல் சதுக்கம், நகரத் தெரு வளாகத்துக்குள் நுழையும் வாய். அன்றாடம் எல்லோரும் கடக்கும் இடம். கூட்டம் அங்கே சேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆகவே பொதுக்கூட்டத்துக்கென்று ஒதுக்குப்புறத்தில் ஒரு மேடை கட்டிவிட்டால் அங்கே யாரும் கூட மாட்டார்கள். பாதைகள் சேரும் நடுவெளியிலேயே அதற்கும் இடம் வைக்க வேண்டும். சதுர மீட்டருக்கு இரண்டு பேர் என்று கொண்டால் 3,000 பேருக்கு 1,500 சதுர மீட்டர், அதிலிருந்து வெளியேற மூன்று பக்கமாவது அகன்ற வழி.

சீனாவின் ஷென்யாங் கட்டடக்கலைப் பல்கலைக்கழகம் புறநகரில் புது வளாகம் கட்டியபோது, வடிவமைப்பாளர் யூ கோங்ஜியான் நெல்வயலையே வளாகத்தின் திறந்தவெளியாக்கினார். வயல் நடுவே நேர்ப்பாதைகள், இடையில் உட்கார்ந்து படிக்கச் சிறு மேடைகள், மழைநீர் சேரும் குளத்திலிருந்து பாசனம். நடவிலும் அறுவடையிலும் மாணவர்கள் பங்கெடுக்கிறார்கள். அந்த நிலம் முன்பு என்னவாக இருந்ததோ அதை அழிக்காமலே வளாகமாக்கியிருக்கிறார்கள். நான் பார்த்த திட்டங்களில் செலவும் அடக்கம், மனசுக்கும் நெருக்கம்.

உட்காரும் இடத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 40 முதல் 45 செ.மீ. உயரம், முதுகுக்குப் பின்னால் சுவரோ மரமோ, முகத்துக்கு முன்னால் ஆள் நடமாட்டம். நடுவில் தனித்து வைத்த பெஞ்சு காலியாகவே கிடக்கும். முடிந்தால் நகர்த்தக்கூடிய நாற்காலிகள் போடுங்கள். ஹார்வர்டின் பழைய முற்றத்தில் 2009-இல் வண்ண நாற்காலிகள் போட்டபோது, அதுவரை கடந்து மட்டும் போன இடத்தில் ஆட்கள் தங்கத் தொடங்கினார்கள். வெயிலும் நிழலும் நகர, நாற்காலியும் கூடவே நகரும். மாலையில் அவை எங்கே கிடக்கின்றன என்று தினமும் ஒரு படம் எடுத்து வைத்தால், எந்த இடத்தில் நிரந்தர இருக்கை கட்டலாம் என்பதற்கு வேறு ஆய்வே வேண்டாம்.

புதிதாகக் கல் பாவும்போது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடிக்காதீர்கள். வாயிலுக்கு வாயில் போகும் பெரிய பாதைகளை மட்டும் போட்டு, இடையில் உள்ளவற்றை ஒரு வருடம் புல்லாகவோ சரளையாகவோ விடுங்கள். ஒரு கோடை, ஒரு மழைக்காலம், ஒரு தேர்வுக்காலம் கடக்கட்டும். பிறகு சுண்ணாம்புப் பொடியால் தடங்களின் இரு ஓரத்தையும் வரைந்து, மேலிருந்து ஒரு படம் எடுங்கள். வளைவுகள் அதில் இருக்கும். நிழலால் வந்த வளைவை அப்படியே கல் பாவலாம், மரம் நிற்கும்வரை அது நிற்கும். தண்ணீரால் வந்த வளைவுக்கு முதலில் அடிமண்ணைச் சரிசெய்து வாட்டம் கொடுத்துவிட்டுப் பாதையை நேராக்கலாம். எதிர்க்கூட்டத்துக்கு ஒதுங்கியதால் வந்ததென்றால் அங்கே அகலத்தைக் கூட்டுங்கள். காரணமே பிடிபடாத வளைவு ஏதாவது மிஞ்சினால், அதை இன்னொரு வருடம் சரளையாகவே விட்டுவிடுங்கள்.